காயில் பிளேட்டைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். 2018இல் வாங்கிய 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடுகிறது. எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். ரெகுலேட்டரையும் மாற்றினார்கள், இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. இப்போது காயில் பிளேட் போய்விட்டது, அதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். இரவில் தண்ணீர் பார்க்கப் போவதற்காக முன்னால் இரண்டு எல்இடி விளக்குகள் பொருத்தியிருக்கிறேன். காயில் பிளேட்டை மாற்றிவிடலாமா, ஐயா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். எஞ்சினுக்குள் மின்சாரத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள் தட்டுதான் காயில் பிளேட். அது நன்றாக இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லும் துணிவு எனக்கில்லை; அது கெட்டுப்போனது என்று சொல்வதற்கும் உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டு பேட்டரி, ஒரு ரெகுலேட்டர் என்று மூன்று பாகங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒருவராவது மல்டிமீட்டரை வைத்து இத்தனை வோல்ட் காட்டுகிறது என்று உங்களிடம் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. பாகத்தை மாற்றிப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் பணத்தில் நடக்கும் சோதனை. அதை இத்துடன் நிறுத்துங்கள்.

நீங்கள் கடைமடைக்காரர் என்பதால் உங்களுக்குப் பழக்கமான வழியிலேயே சொல்கிறேன். வயலில் பயிர் வாடினால் மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று நீங்கள் உடனே முடிவு கட்டுவதில்லை. கரையோடு நடந்து போய்ப் பார்க்கிறீர்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறதா, மதகு திறந்திருக்கிறதா, வாய்க்கால் தூர்ந்து போயிருக்கிறதா, இல்லை வந்த தண்ணீர் வரப்பில் உள்ள நண்டு வளை வழியாக இரவோடு இரவாக வெளியேறிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் மண்வெட்டியைக் கையில் எடுக்கிறீர்கள். வண்டியிலும் வழி அதுவேதான். எஞ்சின் சுற்றும்போது மேக்னட் என்கிற காந்தம் காயில் பிளேட்டைச் சுற்றி ஓடி மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகிறது. அது பொதுவாக மூன்று மஞ்சள் வயர்கள் வழியாக ரெகுலேட்டருக்கு வருகிறது. அங்கே நேர்மின்சாரமாக மாறி, 14 வோல்ட்டை ஒட்டி அளவாக்கப்பட்டு, ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்குச் சேருகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் காலையில் உங்கள் காதில் விழுவது அதே 'டிக்' சத்தம்தான். சத்தம் ஒன்று, நோய்கள் பல.

முதலில் அந்தச் சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான ஸ்டார்ட்டர் ரிலே இழுக்கும் ஓசை அது. ரிலேவுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ பல பத்து ஆம்பியர் தேவை. பேட்டரி இறங்கியிருந்தால் ரிலே மட்டும் இழுக்கும், மோட்டார் சுற்றாது. பேட்டரி முழுதாக இருந்தாலும், ரிலேவின் உள்தொடர்பு கருகியிருந்தாலோ, மோட்டாருக்குப் போகும் தடித்த வயரின் முனை துருப்பிடித்திருந்தாலோ, எஞ்சினுக்கு வரும் எர்த் வயர் தளர்ந்திருந்தாலோ அதேதான் நடக்கும். அதாவது, உங்கள் வண்டியில் சார்ஜ் ஏறுவதில்தான் குறை என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே முதல் வேலையாக, நாளைக் காலையில் சாவியைத் திருகுவதற்கு முன்பே பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் போதும். அதை நேர்மின்சாரம் 20 வோல்ட் நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கும், 12.2 என்றால் பாதியும் இருப்பதாகக் கொள்ளலாம். 12க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காலியாகிக்கொண்டிருக்கிறது. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். அது தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ். அதனால்தான் காலை நேரத்தைச் சொன்னேன். அடுத்து, மீட்டரை எடுக்காமலேயே செல்ஃப் பட்டனை அழுத்தி எண்ணைக் கவனிக்க வேண்டும். ஓய்வில் 12.6 இருந்தும் அழுத்தியவுடன் 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு உள்ளே வலு இல்லை. ஓய்விலேயே 12க்குக் கீழே இருந்து சரிந்தால், அதை முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்லக் கூடாது. 'டிக்' என்ற சத்தம் வந்தும் எண் 12.5ஐ விட்டு அசையவே இல்லை என்றால் மோட்டாருக்கு மின்னோட்டமே போகவில்லை என்று பொருள். அப்படியானால் ரிலே, தடித்த வயர், எர்த் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறும் பகுதியைத் தொடவே தேவையில்லை. இந்த ஒரு நிமிடச் சோதனை உங்கள் எட்டு மாத அலைச்சலை இரண்டாகப் பிரித்துவிடும்.

பேட்டரி இறங்கித்தான் போகிறது என்று தெரிந்தால், அதைக் கழற்றிக் கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் 9 ஆம்பியர்-மணிப் பேட்டரி இருந்தால் 0.9 ஆம்பியர் அளவில், ஒரு பகலோ ஓர் இரவோ ஏற வேண்டும். கார், டிராக்டர் பேட்டரிகளோடு வரிசையில் மாட்டி அவசரமாக ஏற்றினால் சிறிய பேட்டரி சூடாகி உள்தகடுகள் பாழாகும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தாலும் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். உங்களுடைய முதல் பேட்டரி அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: அது நோய்க்குக் காரணமாக இருந்திராது, நோயால் இறந்திருக்கும்.

நிறைந்த பேட்டரியை மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் முனைகள் பேட்டரியிலேயே இருக்கட்டும். ஸ்லோவில் என்ன காட்டுகிறது, ரேஸ் கொடுத்து நிமிடத்துக்கு 4000 முதல் 5000 சுற்று வரை போனால் என்ன காட்டுகிறது என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்று ஏறும்போது 13.5க்கும் 14.8க்கும் இடையில் வந்து நிலையாக நின்றால் காயில் பிளேட்டும் ரெகுலேட்டரும் தம் வேலையைச் செய்கின்றன என்று கொள்ளலாம். காயில் பிளேட் பற்றிய பேச்சையும் விட்டுவிடலாம். எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் 13ஐத் தாண்டவில்லை, அல்லது ரேஸ் கொடுக்கக் கொடுக்க எண் இறங்குகிறது என்றால் மின்சாரம் வந்து சேரவில்லை. 15ஐத் தாண்டிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது. பல்புகள் அடிக்கடி போவதும், பேட்டரியின் பக்கங்கள் உப்புவதும், ஆசிட் நெடி வருவதும் அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். ரெகுலேட்டரை மாற்றிய பிறகு இரண்டு வாரம் நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ரெகுலேட்டர் கெட்டிருந்து, புதியது போட்டதால் சரியாகியிருந்தால் அது இரண்டே வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆனால் ரெகுலேட்டரை மாற்றும்போது இன்னொரு வேலையும் தன்னால் நடக்கிறது. அதன் கப்ளர்கள், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள், இழுத்துக் கழற்றப்பட்டு மீண்டும் அழுத்தி மாட்டப்படுகின்றன. அந்த உராய்வில் உள்ளே உள்ள பித்தளை முனைகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பு கொஞ்சம் வழித்தெடுக்கப்பட்டுத் தொடர்பு தற்காலிகமாகச் சீராகிவிடுகிறது. சில நாளில் அதே இடத்தில் மறுபடி சூடு, மறுபடி களிம்பு. இத்துடன் மழைக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வண்டியில் தூர்ந்து கிடப்பது வாய்க்கால்தான் என்பதே என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன்; கீழே சொல்லும் அளவுகள் அதை உறுதிப்படுத்த வேண்டும், அல்லது மறுக்க வேண்டும்.

நம் பகுதியில் ஓடும் வண்டிகளின் வயரிங் படும் பாட்டைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நடவுக் காலத்தில் நீர் சொட்டும் நாற்றுக்கட்டுகளைப் பின்னால் ஏற்றிப் போகிறோம். தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போதும் வண்டியை விட்டுத் தாண்டுகிறோம். சேற்று வண்டல் ரெகுலேட்டரின் அலுமினிய இறகுகளுக்கு இடையில் அப்பிக் காய்ந்து, காற்றுப் பட வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கமிருந்து மீன் பெட்டி கட்டி வரும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். பனிக்கட்டி உருகிய உப்புநீர் பக்கவாட்டில் வழிந்து நேராகக் கப்ளரில் இறங்குகிறது. உப்புநீர் புகுந்த செம்பு வயரை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலுறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்து, தொட்டால் பொடியாக உதிரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு வந்த மாதங்களில் நான் அப்படிச் சீவிப் பார்த்த வயர்கள் ஏராளம். வெள்ளத்தில் கிடந்த வண்டிகள் ஓடத்தான் செய்தன. பழுது மெதுவாக, மாதங்கள் கழித்து வெளிப்பட்டது.

ஆகவே பக்கக் கவரையும் சீட்டையும் கழற்றி, ரெகுலேட்டருக்குப் போகும் மஞ்சள் வயர்களின் கப்ளரை எஞ்சின் நின்ற நிலையில் பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகவோ உருகியோ இருந்தால், ஒரு முனை மட்டும் கறுத்திருந்தால், மின்சாரம் வரும் வழியிலேயே சூடாகி வீணாகிறது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் மீட்டருக்குத் தெரியும். எஞ்சினை 4000 சுற்றில் ஓடவிட்டு, ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் பாசிட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முனையையும் பேட்டரியின் பாசிட்டிவில் மறுமுனையையும் வைக்க வேண்டும். இடையில் தடை இல்லை என்றால் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், 0.3 வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ அடைப்பு உண்டு. பேட்டரி நெகட்டிவுக்கும் ரெகுலேட்டரின் எர்த்துக்கும் இடையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் இந்த இரண்டாவது அளவை எடுப்பதே இல்லை. போகிற வழியைப் பார்ப்பவர்கள் திரும்பி வரும் வழியை மறந்துவிடுகிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் மறந்தவன்தான். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பால் ஊற்றுபவர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். ரேஸ் கொடுத்தும் 12.8க்கு மேல் ஏறவில்லை. காயில் பிளேட்தான் என்று முடிவு செய்து மாற்றினேன், அன்று 13.6 காட்டியது, அவரும் நம்பி எடுத்துப் போனார். ஒரு வாரத்தில் விடியற்காலையில் வழியில் நின்றுவிட்டது, பால் கெட்டது. மறுபடி பிரித்துப் பார்த்தபோது, டேங்குக்கு அடியில் சட்டத்தோடு சேரும் எர்த் போல்ட்டின் கீழே பெயின்ட்டும் துருவும் சேர்ந்து தொடர்பே இல்லாமல் இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் 14.3 வந்தது. பழைய காயில் பிளேட்டை மீண்டும் மாட்டிப் பார்த்தேன், அதிலும் 14.3தான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று முதல், அளக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்வதில்லை.

கப்ளர் பழுதாக இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். செய்ய விடாதீர்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். முறுக்கிய செம்பில் ஈரம் ஏறும். மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே பழுது. அதே அளவுள்ள புதிய கப்ளரைப் போட்டு முனைகளைச் சரியான கருவியால் இறுக்கச் சொல்லுங்கள்; கப்ளர் கிடைக்காவிட்டால் ஈயம் வைத்துப் பற்றி, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறையைப் போடலாம். வயர் கறுத்திருந்தால், கறுப்பு முடிந்து செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்டிவிட வேண்டும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், பேட்டரியைக் கழற்றிச் சமையல் சோடா கலந்த நீரால் முனைகளை மட்டும் துடைத்து, உலர்த்தி, இறுக்கிய பிறகு மேலே மெலிதாக வாசலின் தடவுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் ஏறவில்லை என்றால்தான் காயில் பிளேட்டின் முறை வருகிறது. அப்போதும் கழற்ற வேண்டியதில்லை. கப்ளரைப் பிரித்து, எஞ்சின் பக்கமிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களில் வெளியிலிருந்தே அளக்கலாம். உங்களிடம் மூன்று ஃபேஸ் பம்புசெட் இருந்தால் இது எளிதில் விளங்கும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் உறுமுமே தவிர எடுக்காது, விட்டுவைத்தால் காயில் எரியும். ஆகவே மூன்றும் ஒன்றுபோல் வருகின்றனவா என்றுதான் முதலில் பார்ப்பீர்கள். இங்கும் அதே விதி. மீட்டரை மாறுதிசை மின்சாரம் 200 வோல்ட் நிலைக்கு மாற்றி, முதல் வயருக்கும் இரண்டாவதுக்கும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் இடையில் அளக்க வேண்டும். பொதுவாக ஸ்லோவில் சுமார் 15 முதல் 25 வோல்ட்டும், 4000, 5000 சுற்றுகளில் 40 முதல் 70 வோல்ட்டும் வரும். வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால் சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். எண்ணைவிட முக்கியமானது மூன்றும் சமமாக இருப்பது. 52, 51, 52 என்றால் நலம். 52, 27, 26 என்றால் காயிலில் ஒரு கம்பிக்கட்டு போய்விட்டது. அந்த நேரத்தில் வயர் முனைகளை விரலால் தொடாதீர்கள். பேட்டரியின் 12 வோல்ட் போன்றதன்று இது.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஓம் அளவும் எடுக்கலாம். இரண்டு மஞ்சள் வயர்களுக்கு இடையே பெரும்பாலும் 1 ஓமுக்கும் குறைவாகவே காட்டும். மலிவான மீட்டரின் வயர்களுக்கே கால் ஓம், அரை ஓம் தடை இருக்கும் என்பதால் முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் நல்ல காயிலைக் கெட்டது என்று தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது. சிறிதளவு தொடர்பு காட்டினாலும் கட்டின் மேல்பூச்சு கருகி உடலோடு ஒட்டிவிட்டது என்று பொருள். அந்தக் காயில் பிளேட் முடிந்தது. மேக்னட் வலுவிழப்பது மிக அபூர்வம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ரெகுலேட்டரைப் பற்றி ஒரு செய்தி. ஆற்றில் நீரொழுங்கி ஷட்டரை இறக்கித் தண்ணீரைத் தடுக்கிறது. நம் வண்டிகளில் பரவலாக உள்ள ரெகுலேட்டர் அப்படித் தடுப்பதில்லை. பேட்டரிக்குத் தேவை போக மிஞ்சியதைக் காயிலுக்கே குறுக்காகத் திருப்பிவிடுகிறது, வடிகாலில் தள்ளுவதுபோல. அந்த மிச்சம் முழுவதும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். ரெகுலேட்டரின் இறகுகளில் அப்பிய சேற்றைக் கழுவிச் சுத்தமாக வைக்கச் சொல்வது இதனால்தான். மழை படாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் பாலித்தீன் உறையைச் சுற்றி வைப்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்து அதைக் கொல்கிறார்கள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் அதன் உள்ளே இருக்கின்றன. அவற்றை மீட்டரின் டயோடு நிலையில் பார்க்கலாம்: ஒவ்வொரு மஞ்சள் முனைக்கும் பாசிட்டிவுக்கும் இடையில் ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை காட்டி, முனைகளை மாற்றினால் எதுவும் காட்டக் கூடாது. இரு திசையிலும் தொடர்பு காட்டினால் அந்த டயோடு ஓட்டை. ஓட்டை டயோடு பகலில் சார்ஜைக் குறைப்பதோடு நிற்காது, இரவில் பேட்டரியிலிருந்து பின்னோக்கியும் கசியவிடக்கூடும்.

கசிவு என்று வந்துவிட்டதால் நண்டு வளையையும் பார்த்துவிடுவோம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கழற்றிய வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் சேருங்கள். அப்போது செல்ஃப் பட்டனை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், மீட்டர் போய்விடும். 10 ஆம்பியர் நிலையில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், மீட்டரைக் கீழ்நிலைக்கு மாற்றி நுட்பமாகப் பார்க்கலாம். கடிகாரம் போன்றவற்றுக்காகச் சில மில்லிஆம்பியர் ஓடுவது இயல்பு. 100 மில்லிஆம்பியர் ஓடினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, 9 ஆம்பியர்-மணிப் பேட்டரி நான்கு நாள் தாங்காது. கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரின் கப்ளரைப் பிரியுங்கள், பிறகு உங்கள் எல்இடி விளக்கின் வயரைப் பிரியுங்கள், பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதைப் பிரித்ததும் எண் விழுகிறதோ அதுதான் வளை.

அந்த எல்இடி விளக்குகளை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு முறைத்தண்ணீர் திருப்பப் போகிறவருக்கு வெளிச்சம் உயிர்ப் பாதுகாப்பு. கரையில் பாம்பு கிடப்பதும் கரை உடைந்து கிடப்பதும் தெரிய வேண்டும். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு எஞ்சினோடு சேர்ந்து எரிய வேண்டும் என்பது விதி. உங்கள் வண்டியிலும் அதை அணைக்கும் சுவிட்ச் இருக்காது. 35 வாட் பல்ப் என்றால் ஏறத்தாழ 3 ஆம்பியர் எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது. உங்கள் எல்இடி விளக்குகள் ஒவ்வொன்றும் 20 வாட் என்றால் இன்னொரு 3 ஆம்பியர். நெடுஞ்சாலையில் ஓடும்போது காயில் இதைத் தாங்கிவிடும். கரைமேல் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போதும், மடையருகே எஞ்சினை ஸ்லோவில் விட்டு விளக்கை எரியவைத்து வேலை செய்யும்போதும் வரவைவிடச் செலவு அதிகமாகிவிடும். ஒன்றரை ஆம்பியர் குறைந்தாலும் இரண்டு மணி நேரத்தில் 3 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. எல்இடி எரியும்போது ஸ்லோவில் 12.5க்குக் கீழே காட்டுகிறதா, அணைத்ததும் ஏறுகிறதா என்று பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். மடையில் நிற்கும்போது எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்துவிட்டுக் கைவிளக்கைப் பயன்படுத்துங்கள். எல்இடி விளக்குகளை நேராகப் பேட்டரியில் இணைத்திருந்தால், சாவியைத் திருகினால் மட்டுமே இயங்கும் ரிலே ஒன்றையும் தனி ஃபியூஸ் ஒன்றையும் நடுவில் போடச் சொல்லுங்கள்.

இரண்டு காரியங்களை யார் சொன்னாலும் உங்கள் வண்டியில் செய்யவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் காயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் உண்டு. பேட்டரி இல்லாத நிலையில் வோல்ட் திடீரென எகிறும். ரெகுலேட்டர், மீட்டர் போர்டு, எல்இடி எல்லாம் ஒரே நொடியில் போகலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளில் எரிபொருள் செலுத்துவதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இசியுவே போய்விடலாம். அதன் விலை உங்கள் காயில் பிளேட்டின் விலையைப் போலப் பல மடங்கு. மற்றொன்று, மஞ்சள் வயரை எஞ்சினில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது. பொறி பறந்தால் ஏதோ வருகிறது என்று மட்டுமே தெரியும், எவ்வளவு வருகிறது, மூன்றிலும் சமமாக வருகிறதா என்பது தெரியாது. அத்துடன் பெட்ரோல் டேங்குக்கு அருகில் நெருப்புப் பொறி.

இத்தனையும் பார்த்த பிறகு காயில் பிளேட்தான் என்று அளவே சொன்னால் மாற்றுங்கள். பம்புசெட் மோட்டார் கட்டுபவரிடமே கொடுத்து மறுகட்டுக் கட்டிக்கொள்ளலாமா என்று நம் பக்கத்தில் பலரும் கேட்பார்கள். கைதேர்ந்தவர் அதே தடிமன் கம்பியில், அதே எண்ணிக்கைச் சுற்றில், எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தாங்கும் வார்னிஷ் போட்டுக் கட்டினால் நன்றாகவே உழைக்கும். ஆனால் மோட்டாருக்குப் போடும் சாதாரண வார்னிஷ் ஆயிலில் ஊறி உரிந்துவிடும். ஆகவே இந்தக் காயிலைக் கட்டிப் பழகியவர் இல்லையென்றால், வண்டிக்குரிய அசல் பாகத்தையே வாங்குங்கள். மாற்றும்போது சைடு கவரின் பழைய பேக்கிங்கை மறுபடி போடாமல் புதியது போட வேண்டும். மஞ்சள் வயர்கள் மேக்னட்டில் உரசாதபடி உள்ளே உள்ள கிளாம்பில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று கவரை மூடுவதற்கு முன் நீங்களே குனிந்து பாருங்கள். வண்டியை எடுக்கும்போது ஸ்லோவில் ஒன்று, 4000 சுற்றில் ஒன்று என்று இரண்டு எண்களையும் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துக் காலையில் ஓய்வில் இருக்கும் பேட்டரியை மீண்டும் அளந்து, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.